ஆப் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேரு சொல்லுதே, எதைத்தான் நம்புறது?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். வீட்டுக்குப் பின்னாடி இருக்கற தோட்டத்துல மொபைல்ல பூச்சி படம் எடுக்கறீங்க, ஒரே பூச்சிய நாலு பக்கமும் எடுத்து ஆப்ல போட்டா நாலு பேரு வருது, அதனால நல்ல கேமரா வாங்கணுமா இல்ல வேற நல்ல ஆப் இருக்கான்னு கேட்டு 3 பூச்சியோட படத்தையும் போட்டிருக்கீங்க. கேமராவப் பத்திக் கேக்கற மாதிரி இருந்தாலும் உள்ள இருக்கற கேள்வி வேறன்னு தோணுது. ஒரு படத்த வெச்சுக்கிட்டு ஒரு பூச்சிக்கு எதுவரைக்கும் தைரியமா பேரு சொல்லலாம், அதானே? அது பிடிபட்டுட்டா கேமரா கேள்வி தானா சின்னதாயிடும். நான் படிச்சது பூச்சியியல், அப்புறம் ஒரு 15 வருஷமா அடுத்தவங்க எடுத்த படத்துக்குப் பேரு சொல்றத பொழுதுபோக்கா வெச்சிருக்கேன். வண்டு, நாவாய்ப்பூச்சி (ஊசி வாயால சாறு உறிஞ்சற கூட்டம்) ரெண்டும் கொஞ்சம் கைவந்த கலை. அந்துப்பூச்சின்னா பாதிக்கு மேல நானும் தடுமாறுவேன், அத முன்கூட்டியே சொல்லிடறேன்.

உங்க முதல் பூச்சியிலயே ஆரம்பிப்போம். பூ மேல உக்காந்திருக்கு, மஞ்சளும் கறுப்புமா பட்டை, மேலிருந்து எடுத்த படத்துக்கு ஆப் ஒரு தடவ தேனீன்னுது, இன்னொரு தடவ குளவின்னுது, பக்கவாட்டுப் படம் ரெண்டுக்கும் ஏதோ நீளமான லத்தீன் பேரா ரெண்டு வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது தேனீயும் இல்ல குளவியும் இல்ல, ஈ. ஹோவர் ஈ, சிர்ஃபிட் ஈன்னு சொல்வாங்களே, அந்தரத்துல ஒரே இடத்துல நின்னு பறக்கும், அந்தக் குடும்பம். எப்படித் தெரியும்னா, பக்கவாட்டுப் படத்த பெருசு பண்ணிப் பாருங்க, இறக்கை ஒரு ஜோடிதான் இருக்கு. தேனீ, குளவிக்கெல்லாம் ரெண்டு ஜோடி. ஈ இனத்துக்கு பின் இறக்கை சுருங்கிப் போய் குண்டூசித் தலை மாதிரி ஒரு சின்ன உறுப்பா நிக்கும், பறக்கும்போது பேலன்ஸ் பண்றது அதுதான். ஆனா நேர்ல இறக்கைய எண்றது கஷ்டம், ஏன்னா தேனீ தன் முன் இறக்கையையும் பின் இறக்கையையும் கொக்கி போட்டு சேத்து வெச்சிருக்கும், ஒண்ணு மாதிரிதான் தெரியும். அதனால நான் முதல்ல பாக்கறது முகத்த. கண்ணு ரெண்டும் தலைய அடைச்சுக்கிட்டு, மீசை (உணர்கொம்பு) இருக்கா இல்லையாங்கற அளவு குட்டையா இருந்தா பெரும்பாலும் ஈ. மீசை நீளமா, முழங்கை மாதிரி மடங்கி இருந்தா தேனீ, குளவி பக்கம் போங்க. கொட்டாத ஒரு ஈ, கொட்டறவன் சட்டைய மாட்டிக்கிட்டுத் திரியுது, பறவைகளே ஏமாறும்போது ஆப் ஏமாந்ததுக்குக் கோவிச்சுக்க முடியாது.

இங்க ஒரு விஷயம் கவனிச்சீங்களா, பக்கவாட்டுப் படத்துக்கு வந்த அந்த ரெண்டு லத்தீன் பேரும் வேற வேறதான், ஆனா ரெண்டுமே ஹோவர் ஈ குடும்பத்துக்குள்ள இருக்கற பேரு. உங்க குழப்பத்துக்கு பதில் இதுலதான் இருக்கு. நாலு பேரு வந்தா எது சரின்னு தேடாதீங்க, நாலும் எந்த இடத்துல ஒண்ணு சேருதுன்னு பாருங்க. பேர அழுத்தினா, நெருங்கின இனங்கள் சேந்த பேரினம், பேரினங்கள் சேந்த குடும்பம், குடும்பங்கள் சேந்த வரிசைன்னு மேல மேல காட்டும். நாலும் ஒரே பேரினத்துல சேந்தா பேரினம் வரைக்கும் நம்பலாம், குடும்பத்துலதான் சேருதுன்னா குடும்பத்தோட நிறுத்திக்கணும், ஒண்ணு வண்டு ஒண்ணு கரப்பான்னு வந்தா படத்துலயே தகவல் இல்லன்னு அர்த்தம். ஆப் எந்த எலும்பையும் எண்ணிப் பாக்கறதில்ல, தான் ஏற்கெனவே பாத்த படங்கள்ல எதோட சாயல் இதுல இருக்குன்னு சொல்லுது, அவ்வளவுதான். போதுமான அளவு படம் சேந்த இனங்களத்தான் அதுக்குப் பழக்கியிருப்பாங்க. பட்டாம்பூச்சி, தும்பி, பொறிவண்டு மாதிரி எல்லாரும் ஆசையா படம் எடுக்கறதுல அது கெட்டி. 3 மி.மீ. கறுப்பு ஈய யாரும் படம் எடுக்கறதில்ல, அதனால அந்த ஈய காட்டினா தனக்குத் தெரிஞ்ச பக்கத்து வீட்டுக்காரன் பேரச் சொல்லிடும். (பூச்சிக்கு எலும்பே கிடையாதுன்னு யாராவது திருத்தறதுக்கு முன்னாடி, தெரியும், பேச்சு வழக்குல வந்துடுச்சு.)

அதே மாதிரி, எல்லாரும் படம் போட்டு ஒருத்தருக்கொருத்தர் பேரு சொல்லிக்கற ஐநேச்சுரலிஸ்ட்ல 'ரிசர்ச் கிரேட்'னு பச்சையா வந்துட்டா அது ஏதோ லேப்ல சோதிச்ச முடிவுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. தேதி, இடம், படம் எல்லாம் ஒழுங்கா இருந்து, பேரு சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப்போனா அந்த முத்திரை விழும், அதுக்குக் குறைஞ்சது ரெண்டு பேர் போதும். அந்த ரெண்டாவது ஆள் நீங்க சொன்னத பாத்துட்டு சும்மா 'ஆமா'ன்னு அழுத்தினவரா கூட இருக்கலாம். நானே ஆரம்பத்துல அப்படி அழுத்தியிருக்கேன், வெக்கமாதான் இருக்கு. இப்போ என் பழக்கம், இந்தப் பேர எதனால சொல்றீங்கன்னு கமெண்ட்ல கேட்டுடறது. தெரிஞ்சவங்க ரெண்டு வரியில காரணம் சொல்வாங்க, அந்த ரெண்டு வரியிலதான் நான் பாதி பாடம் படிச்சேன்.

சரி, ஆப் இல்லாம நீங்களே பாக்கணும்னா இனத்துல ஆரம்பிக்காதீங்க, மேலிருந்து கீழ வாங்க. காலு 6ஆ 8ஆ? 8ன்னா அது பூச்சியே இல்ல, சிலந்தி கூட்டம். 6 காலு, முதுகுல ஓடு, ஓடு ரெண்டும் நடு முதுகுல நேர்கோடா சந்திக்குதுன்னா வண்டு. முதுகுல முக்கோணம் ஒண்ணு, அதுக்குக் கீழ இறக்கை ஒண்ணு மேல ஒண்ணா குறுக்க மடிஞ்சு, நுனி மட்டும் கண்ணாடி மாதிரி, வாய்க்குப் பதிலா ஊசின்னா நாவாய்ப்பூச்சி. உக்காரும்போது இறக்கைய முதுகுக்கு மேல சேத்து வெச்சு, கண்ணு ரெண்டும் தள்ளித் தள்ளி இருந்தா ஊசித்தட்டான், விரிச்சு வெச்சா தட்டான், இதுல ரெண்டுங்கெட்டானும் உண்டு. பட்டாம்பூச்சிக்கு மீசை நுனியில சின்ன குமிழ் இருக்கும், அந்துக்கு நூல் மாதிரியோ இறகு மாதிரியோ இருக்கும். பகல்ல பறக்கற பளபள அந்து எத்தனையோ இருக்கு, அதனால கலர வெச்சு முடிவு பண்ணாதீங்க. புழுவுக்கு வயித்துக்கடியில இருக்கற சதைக்கால எண்ணுங்க, 5 ஜோடியோ அதுக்குக் கம்மியோன்னா பட்டாம்பூச்சி அல்லது அந்தோட புழு, 6 ஜோடியோ அதுக்கு மேலயோன்னா அது ரம்பக்குளவியோட புழு, என்னதான் வளத்தாலும் பட்டாம்பூச்சி வராது.

இந்தக் காலு எண்ற விஷயத்த கிண்டலா எடுத்துக்காதீங்க. என் ஃபோல்டர்ல 'எறும்பு'ன்னு பேரு போட்டு ரெண்டு வருஷம் கிடந்த ஒரு படம் உண்டு. செடித்தண்டுல வேகவேகமா ஓடிட்டிருந்தது, ஒல்லி இடுப்பு, செம்பழுப்பு நிறம், மீசைய ஆட்டிக்கிட்டே போச்சு. மேலிருந்து ஒரே ஒரு படம். ரெண்டு வருஷம் கழிச்சு அதே செடியில இன்னொண்ணு, இந்தத் தடவ பக்கவாட்டுல கிடைச்சது, பெருசு பண்ணிப் பாத்தா ஆட்டிக்கிட்டிருந்தது மீசையே இல்ல, தூக்கிப் பிடிச்ச முன்னங்கால். எண்ணினா எட்டு. முகத்துல முன்னாடி பெரிய உருண்டைக் கண்ணு ரெண்டு என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. எறும்பு வேஷம் போடற குதிக்கும் சிலந்தி. பூச்சியியல் படிச்சவன் கண்ணுல ரெண்டு வருஷம் மண்ணத் தூவிடுச்சு, அதுவும் ஒரு பக்கவாட்டுப் படம் இல்லாத குறையால.

உங்க ரெண்டாவது படம், செடித்தண்டுல பஞ்சு பஞ்சா வெள்ளையா. மாவுப்பூச்சின்னு ஆப் சொன்னது சரிதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கூட்டத்துல வலது ஓரம் ஒண்ணு மத்ததவிட ரெண்டு மூணு மடங்கு பெருசா, மெழுகு இழை நீள நீளமா தொங்கிட்டு நிக்குதே, அது மாவுப்பூச்சியத் தின்னவந்த பொறிவண்டுப் புழு. குடும்பம் வரைக்கும் நிச்சயமா சொல்லுவேன். கிரிப்டோலேமஸ்னு ஒரு பொறிவண்டு, 1891ல ஆஸ்திரேலியாவுலேர்ந்து கலிஃபோர்னியாவுக்கு மாவுப்பூச்சிய ஒழிக்கறதுக்குன்னே கொண்டுபோனது, இப்போ பல நாட்டுல இருக்கு, அதுவா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா வேற சில சின்னப் பொறிவண்டோட புழுவும் இதே மெழுகுப் போர்வை போத்திக்கும், அதனால படத்த வெச்சு அடிச்சுச் சொல்லமாட்டேன். ஒரு புல்லு நுனியால லேசா தொட்டுப் பாருங்க, மாவுப்பூச்சி சோம்பேறி, நகர்றதே தெரியாது, புழு விறுவிறுன்னு நடக்கும். புழு 1 செ.மீ. தாண்டி வளரும், மாவுப்பூச்சி 3, 4 மி.மீ.தான். சோப்புத்தண்ணி அடிக்கப்போறேன்னு எழுதியிருந்தீங்க, கொஞ்சம் பொறுங்க. நான் இதே மாதிரி ஒரு செடிய சுத்தமா கழுவி விட்டுட்டு, அப்புறம் பழைய படத்த பெருசு பண்ணிப் பாத்துத்தான் யாரக் கொன்னேன்னே தெரிஞ்சுக்கிட்டேன். அடுத்த மாசம் மாவுப்பூச்சி மட்டும் திரும்ப வந்துச்சு.

இப்போ படம் எடுக்கற விஷயம். அழகான படம் வேற, அடையாளம் சொல்ற படம் வேற. அழகுக்கு கண்ணுல ஃபோகஸ் வெச்சு மத்ததெல்லாம் மங்கலா விட்டுடலாம், பாக்கறவங்க கைதட்டுவாங்க, ஆனா மங்கலான அந்த பின்பாதியிலதான் எனக்கு வேணுங்கற அடையாளம் இருக்கும். கிட்டப்போய் எடுக்கும்போது ஃபோகஸ்ல இருக்கற ஆழம் ரொம்ப ரொம்பக் கம்மி. பெரிய கேமராவுல பூச்சி எவ்வளவு நீளமோ அவ்வளவே சென்சார்லயும் (படம் பதியற சில்லு) விழற மாதிரி எடுத்தா, லென்ஸ் துவாரத்த எஃப் 11ன்னு நல்லா சின்னதாக்கி வெச்சாலும் கூர்மையா வர்ற பகுதி 1 மி.மீ.க்கு சொச்சம், அவ்வளவுதான். மொபைல் சென்சார் சின்னது, அதனால இந்த விஷயத்துல அது உண்மையிலயே உங்களுக்கு சாதகம், ஆழம் கொஞ்சம் கூடக் கிடைக்கும். எப்படி எடுத்தாலும் பூச்சியோட உடம்புக்கு சமதளமா மொபைலப் பிடிங்க, பக்கவாட்டுன்னா சரியா பக்கவாட்டு, சாய்வா வேண்டாம். மேலேர்ந்து ஒண்ணு, பக்கத்துலேர்ந்து ஒண்ணு, முகத்துக்கு நேரா ஒண்ணு, இந்த மூணும் கட்டாயம். பட்டாம்பூச்சின்னா இறக்கையோட அடிப்பக்கமும் வேணும். தட்டானுக்கு மார்போட பக்கவாட்டுக் கோடும் வால் நுனியும், ஈக்கு இறக்கை நரம்பு, நாவாய்ப்பூச்சிக்கு மீசையில எத்தனை துண்டுன்னு எண்ற மாதிரி ஒண்ணு. அடிவயிறு வேணும்னா ஒரு கண்ணாடி டம்ளர்ல ஏறவிட்டு கீழேர்ந்து எடுத்துட்டு விட்டுடுங்க.

முதல் படத்த தூரத்துலேர்ந்தே எடுத்துடுங்க, எவ்வளவு மோசமா இருந்தாலும் சரி. அப்புறம் ரெண்டடி, ஒரு படம், இன்னும் ரெண்டடி, இன்னொரு படம். நேரா கிட்டப்போய் பறக்கவிட்டுட்டு கையப் பிசைஞ்சு நின்னது எனக்குக் கணக்கே இல்ல. உங்க நிழல் அது மேல விழாம பாத்துக்கோங்க, பூச்சிக்கு நிழல்னா பறவை. மொபைல கிட்ட கொண்டுபோனதும் நிறைய மாடல்ல தானாவே வைட் லென்ஸுக்கு மாறிடும், அப்போ படம் மொழுக்குன்னு ஆகும், மொபைலோட நிழலே வெளிச்சத்த மறைக்கும். அத ஆஃப் பண்ணிட்டு கொஞ்சம் தள்ளி நின்னு 2 மடங்கு ஜூம்ல எடுத்து அப்புறம் கிராப் பண்ணிக்கோங்க. ஸ்கிரீன்ல பூச்சி மேல விரல அழுத்திப் பிடிச்சா ஃபோகஸ் பூட்டிக்கும், அப்புறம் கைய நகர்த்தாம உடம்ப மட்டும் மயிரிழை முன்ன பின்ன ஆட்டி ஒரு பத்து படம் தட்டுங்க, ஒண்ணு விழும். காத்துல செடி ஆடுதுன்னா இடது கையால தண்டப் பிடிச்சுக்கிட்டு, மொபைலோட ஓரத்த அந்தக் கை மேலயே சாய்ச்சு வெச்சுக்கோங்க. செடி ஆடினா மொபைலும் சேந்து ஆடும், ரெண்டுக்கும் நடுவுல தூரம் மாறாது. கேமரா மாத்தறதவிட இந்த ஒரு பழக்கம் எனக்கு அதிக படம் குடுத்திருக்கு.

சாயங்காலம் எடுக்கறேன்னு சொன்னீங்க, முடிஞ்சா விடிஞ்ச கொஞ்ச நேரத்துக்குள்ள போய்ப் பாருங்க. பூச்சிக்கு உடம்புச் சூடு பெரும்பாலும் வெளியிலேர்ந்துதான் வரணும், காலையில குளிர்ல விறைச்சுப் போய் உக்காந்திருக்கும், அரை அடி தூரத்துல போனாலும் நகராது. அதுக்காக ஃப்ரிட்ஜ்ல வெச்சு மயக்கி எடுக்கறாங்களே, அது எனக்குப் பிடிக்காது, ஒரு படத்துக்காக அவ்வளவு தூரம் போகவேண்டியதில்ல. வெளிச்சம் மேகமூட்டத்துல மென்மையா வர்றதுதான் சரி. உச்சி வெயில்லயும் நேரடி ஃப்ளாஷ்லயும் வண்டு முதுகுல வெள்ளையா ஒரு பொட்டு விழும், அந்தப் பொட்டுக்கு அடியிலதான் முதுகுப் புள்ளியும் குழியும் இருக்கும், இனம் பிரிக்கறதே அத வெச்சுத்தான். வெயிலுக்கும் பூச்சிக்கும் நடுவுல ஒரு மெல்லிசு வெள்ளைக் காகிதத்தப் பிடிச்சா போதும். பொன்வண்டு மாதிரி மினுங்கறதுக்கெல்லாம் கலரே சாயத்தால வர்றதில்ல, ஓட்டோட நுண்ணிய அடுக்குல வெளிச்சம் பட்டு வர்றது, கோணம் மாறினா பச்சை நீலமாகும். அதனால கலர நம்பிப் பேரு வெக்கறவங்களுக்கு இதுதான் முதல் பொறி.

அளவும் முக்கியம், நம்ம கண்ணு இதுல ரொம்பப் பொய் சொல்லும், பயந்தவங்க சொல்ற அளவுல பாதிதான் பூச்சி இருக்கும். பூச்சி பக்கத்துல ஸ்கேல் வெச்சா பறந்துடும், அதனால அது போனப்புறம் அதே இலைமேல ஸ்கேல வெச்சு ஒரு படம் எடுத்துக்கோங்க, இலை நரம்ப வெச்சு பூச்சியோட நீளத்த கணக்குப் போட்டுடலாம். செடியையும் எடுங்க, முக்கியமா புழுன்னா. வாட்ஸ்அப்ல வந்த படத்த போடாதீங்க, சாதாரணமா அனுப்பினா அது படத்த நசுக்கி, தேதி, இடம் எல்லாத்தையும் உருவிடும், மொபைல்ல இருக்கற ஒரிஜினலயே போடுங்க. இடம்னதும் ஞாபகம் வருது, இது உங்க வீடு, ஆப்ல இடத்த மங்கலாக்கிக் காட்டற வசதி இருக்கும், அத போட்டு வெச்சுக்கோங்க.

செடி ஏன் அவ்வளவு முக்கியம்னா, 2004ல கோஸ்டா ரிகாவுல வேலை செஞ்ச ஆய்வாளர்கள், அதுவரைக்கும் ஒரே இனம்னு நினைச்சுக்கிட்டிருந்த ஒரு பட்டாம்பூச்சி உண்மையில 10 இனம்னு வெளியிட்டாங்க. வளந்த பட்டாம்பூச்சிய பாத்தா வித்தியாசம் சொல்றது ரொம்பக் கஷ்டம், ஆனா புழுவோட நிறம் வேற, அது தின்ற செடி வேற, டிஎன்ஏவும் வேற. அந்த 10ங்கற எண்ணிக்கைய பின்னாடி கேள்வி கேட்டவங்களும் உண்டு, ஆனா ஒண்ணு இல்லங்கறது மாறல. அதாவது எவ்வளவு கூர்மையா எடுத்தாலும் முதிர்ந்த பூச்சி படத்த வெச்சு மட்டும் பிரிக்க முடியாத இனங்கள் நிஜமாவே இருக்கு. நிறைய சின்ன ஈ, வண்டு, அந்து இதெல்லாம் ஆண் பூச்சியோட இனப்பெருக்க உறுப்ப அறுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் இனம் சொல்ல முடியும். அங்கல்லாம் பேரினத்தோட நிறுத்திக்கறது தோல்வி இல்ல, அதுதான் சரியான பதில். இன்னொண்ணு, சின்ன ஈ பெரிய ஈயோட குட்டி இல்ல. பறக்கற இறக்கை வந்துட்டா பூச்சி அப்புறம் வளராது, அதனால அளவு நிஜமாவே ஒரு அடையாளம். ஆனா வெட்டுக்கிளி, நாவாய்ப்பூச்சியோட குஞ்சுக்கு இறக்கை முளைச்சிருக்காது, கலரும் வேறயா இருக்கும், ஒரே இனத்துக்கு அஞ்சு வேஷம். நாவாய்ப்பூச்சியில எனக்கே குஞ்சுப் படம் வந்தா பெரும்பாலும் கைய விரிச்சுடுவேன்.

'சின்ன இடந்தான், பெருசா என்ன கிடைச்சிடும்'னு கேட்டிருந்தீங்க. இங்கிலாந்துல லெஸ்டர் நகரத்துல ஜெனிஃபர் ஓவன்னு ஒரு உயிரியலாளர், 1972லேர்ந்து 30 வருஷம் தன் வீட்டுத் தோட்டத்த மட்டும் கணக்கெடுத்தாங்க. செடி, பறவை எல்லாம் சேத்து 2,673 இனம், அதுல பெரும்பகுதி பூச்சி. அறிவியலுக்கே புதுசா இருந்த ஒட்டுண்ணிக் குளவிகளும் அதுல உண்டு. ஆனா அவங்க பொறி வெச்சுப் பிடிச்சு நிபுணர்களுக்கு அனுப்பிப் பாத்தாங்க, வெறும் படத்துல அந்த எண்ணிக்கை வராது.

கேமரா இப்போ வேண்டாம். கிட்டப்போய் பெருசா எடுக்க மொபைல்ல மாட்டற கிளிப் மேக்ரோ லென்ஸ் ஒண்ணு போதும், அதுவும் மேல சொன்ன பக்கவாட்டு, முகம் எல்லாம் பழகின அப்புறம். ஏற்கெனவே வீட்ல லென்ஸ் மாத்தற கேமரா தூங்குதுன்னா, லென்ஸ் முன்னாடி மாட்டற ரெய்னாக்ஸ் டிசிஆர்-250 மாதிரி ஒரு 8 டயாப்டர் (கண்ணாடியோட சக்தி அளவு) கண்ணாடி நல்ல ஆரம்பம், பூச்சியிலேர்ந்து ஏறக்குறைய 12 செ.மீ. தள்ளி நின்னு எடுக்கலாம்.

மூணாவது படம், சுவத்துல உக்காந்திருக்கற பழுப்பு அந்து. மீசை தெரியல, இறக்கை நுனி ஃப்ளாஷ்ல வெளுத்துடுச்சு, அளவும் இல்ல. அந்துங்கறதத் தவிர ஒண்ணும் சொல்லமாட்டேன், ஆப் சொன்ன பேரையும் இப்போதைக்கு அழிச்சுடுங்க. உக்காரும்போது இறக்கைய எப்படி வெக்குது, கூரை மாதிரியா, தட்டையா விரிச்சா, சுருட்டிக் குச்சி மாதிரியா, அதுலயே குடும்பம் பாதி பிடிபடும். ராத்திரி அதே சுவத்து லைட்டப் போட்டுட்டு அரைமணி கழிச்சுப் பாருங்க, பெரும்பாலும் அதே ஜாதியில இன்னொண்ணு வந்து உக்காந்திருக்கும். பக்கவாட்டுல ஒண்ணு, ஃப்ளாஷ் மேல வெள்ளைக் காகிதம் வெச்சு மேலேர்ந்து ஒண்ணு, போனப்புறம் சுவத்துல ஸ்கேல் வெச்சு ஒண்ணு. எடுத்துட்டு லைட்ட அணைச்சுடுங்க, இல்லன்னா விடியறவரைக்கும் அது அங்கயே சுத்திட்டுக் கிடக்கும். படத்த இங்கயே கீழ போடுங்க, எனக்குத் தெரியலன்னா அந்து தெரிஞ்ச ஆள் ரெண்டு பேர் இருக்காங்க, கூப்பிடறேன்.